110 சதவீத வரி 10 ஆனால் பென்ஸ் பாதி விலைக்கு வருமா?

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக ஒப்பந்தப் பேச்சை முடித்துவிட்டதாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தார்கள். கார்களுக்கான இறக்குமதி வரி 110 சதவீதத்திலிருந்து படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் வரை இந்தச் சலுகை உண்டு என்பது அதில் ஒரு பகுதி. அதிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது: பென்ஸ், பிஎம்டபிள்யூ எல்லாம் பாதி விலைக்கு வந்துவிடும். கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்குக்குள் அடங்கும் கார்கள்தான் மிகக் குறைவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து நம் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு காரின் விலை 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலை 40,000 டாலரைத் தாண்டினால் சுங்கம் மொத்தம் 110 சதவீதம், அதாவது 55 லட்சம். இப்போது கார் 105 லட்சம். அடுத்து ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இது 40 சதவீதம். இந்த 40 சதவீதத்தைக் காரின் அசல் விலைக்கு மட்டும் போடுவதில்லை, சுங்கத்தையும் சேர்த்த 105 லட்சத்துக்குப் போடுகிறார்கள். ஆக 147 லட்சம். டீலர் லாபமும் சாலை வரியும் இதற்கு மேல்.

சுங்கம் 10 சதவீதமானால்? 50 லட்சம் 55 ஆகும், ஜிஎஸ்டியோடு 77 லட்சம். சுங்கத்தில் குறைந்தது 50 லட்சம்தான், விலையில் குறைந்ததோ 70 லட்சம். வரிக்கு மேல் வரி என்பதால் சுங்கத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் ஜிஎஸ்டியில் இன்னொரு 40 பைசாவும் கூடவே இறங்குகிறது. வாட்ஸ்ஆப் கணக்கு வந்தது இங்கிருந்துதான்.

ஆனால் நம் சாலையில் ஓடும் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி கார்களில் பெரும்பாலானவை முழுக் காராகக் கப்பலில் வந்தவை அல்ல. பென்ஸ் புனேவை அடுத்த சாகனிலும், ஆடி ஔரங்காபாத்திலும், பிஎம்டபிள்யூ 2007 முதல் சென்னைக்கு அருகிலும் பூட்டப்படுகின்றன. பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், இங்கே காராகும். வண்டித் தொழிலில் இதைச் சிகேடி என்பார்கள். முழுக் காராக வந்தால் சிபியு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே பூட்டப்படாமல் தனித்தனிப் பாகங்களாக வரும் சிகேடிக்குச் சுங்கம் சுமார் 15 சதவீதம். பூட்டிய எஞ்சினோ கியர்பாக்ஸோ வந்தால் 35 வரை போகும்.

அதே காருக்குச் சிகேடி கணக்கும் போட்டுவிடலாம். என் அனுமானம்: பாகங்களின் விலை 45 லட்சம், இங்கே பூட்டும் செலவு 5 லட்சம். சில்லறைக் கூடுதல் வரிகளை விட்டுவிடுவோம். 45 லட்சம் 15 சதவீதச் சுங்கத்தோடு 51.75, பூட்டும் செலவோடு 56.75, ஜிஎஸ்டியோடு 79.45 லட்சம். முழுக் காராக வந்தால் 147 லட்சம். இடைவெளி ஏறக்குறைய 67.5 லட்சம். எந்தக் கம்பெனியும் இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது, ஒரு கொட்டகை போட்டுத் தொழிலாளர்களை வைத்துப் பூட்டத் தொடங்கிவிடும். ரேஞ்ச் ரோவரை அதுவரை பிரிட்டனின் சோலிஹல்லில் மட்டுமே தயாரித்தார்கள். 2024 மே மாதம் புனேயில் பூட்டப்போவதாக அறிவித்தபோது இந்திய விலை 20 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. அரசு வரியைக் குறைக்கவில்லை, கார்தான் வேறு வரிப் பிரிவுக்குள் போனது.

ஆக, தொழிற்சாலையை இழுத்து வருவது முழுக் கார் வரி எவ்வளவு உயரம் என்பது மட்டுமல்ல. முழுக் காருக்கும் பாகத்துக்கும் உள்ள வரி வித்தியாசம்தான் முக்கியம். 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் தொடங்கிய வின்ஃபாஸ்ட் ஆலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் அமைந்ததும் இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. வியட்நாமிலிருந்து பாகங்கள் வந்து இறங்கியவுடன் பூட்டலாம்.

வரி காரின் உருவத்தையே மாற்றும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. நான்கு மீட்டருக்குள் அடங்கும் காருக்கு வரி குறைவு என்று வைத்தார்கள். உடனே பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் டிக்கி வைத்த செடான்கள் முளைத்தன. அழகு பார்த்து யாரும் அப்படி வரைந்திருக்க மாட்டார்கள்.

சரி, 10 சதவீதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிகேடி கார் 79.45 லட்சம், முழுக் கார் 77 லட்சம். இங்கே பூட்டுவதுதான் நஷ்டம். அப்படியானால் சாகன் ஆலையை மூட வேண்டுமா? பொறுங்கள். அதே ஒப்பந்தத்தில் கார் உதிரிபாகங்களுக்கான வரி ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் முழுவதும் நீங்குகிறது. இது சிகேடி பாகங்களுக்கும் பொருந்தி வரி பூஜ்யமானால் 45, அதோடு 5, மொத்தம் 50 லட்சம், ஜிஎஸ்டியோடு 70 லட்சம். மறுபடியும் இங்கே பூட்டுவதே 7 லட்சம் மலிவு. எந்த வரி எந்த ஆண்டில் எவ்வளவு இறங்குகிறது என்ற வரிசையில்தான் பூட்டும் ஆலைகளின் கதி இருக்கிறது. வாங்குபவருக்கு? ஏற்கெனவே சிகேடியாகக் கிடைக்கும் பென்ஸுக்கு, 79 லட்சத்திலிருந்து 70 லட்சம் வரை மெதுவாக இறங்கும் வாய்ப்பு உண்டு. பாதி விலை என்பது முழுக் காராக மட்டும் வரும் சில மாடல்களுக்கே. 2025-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ அப்படித்தான் வந்தது, ஷோரூம் விலை 53 லட்சம். ஐரோப்பாவில் அது நடுத்தரக் குடும்பத்தின் வேகமான ஹேட்ச்பேக்.

ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சலுகை வரியில் இத்தனை கார்தான் என்று உச்சவரம்பு போட்டால், குறைந்த வரியின் லாபம் வாங்குபவருக்கு வராமல் விற்பவரிடமே தங்கிவிடலாம். 1981-ல் ஜப்பான், அமெரிக்காவுக்கு அனுப்பும் கார்களை ஆண்டுக்கு 16.8 லட்சமாகத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. எண்ணிக்கை கட்டுப்பட்டதும் ஜப்பானியக் கம்பெனிகள் விலையை ஏற்றின, சின்ன கார்களுக்குப் பதில் வசதி கூடிய பெரிய கார்களை அனுப்பின. ஹோண்டா 1982-ல் ஒஹாயோவில் கார் ஆலையே திறந்துவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் நல்ல பங்கு ஜப்பானுக்குப் போனது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் ஒதுக்கீடு உண்டு. அங்கிருந்து வரும் சொகுசு கார்களின் விலையில் முழுக் குறைப்பை எதிர்பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒதுக்கீட்டில் நிலைமை வேறு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்கின்றன. அதில் சொகுசு கார்கள் ஏறக்குறைய 50 ஆயிரம், ஒரு சதவீதத்தை ஒட்டி. இரண்டரை லட்சம் இடங்களைப் பென்ஸும் ஆடியும் மட்டும் நிரப்ப முடியாது. மிச்ச இடத்துக்கு நடுத்தரக் கார்கள் வரும். துறைமுக விலை 18 லட்சமுள்ள ஓர் ஐரோப்பிய எஸ்யூவி இன்று, 40,000 டாலரைத் தாண்டாத கார்களுக்கான 70 சதவீதச் சுங்கத்தோடும் ஜிஎஸ்டியோடும் சுமார் 43 லட்சமாகிறது, யாரும் வாங்க மாட்டார்கள். 10 சதவீதத்தில் அது 28 லட்சத்துக்குள் வந்துவிடும். மஹிந்திரா, டாடாவின் பெரிய எஸ்யூவிகளின் உயர்ரக மாடல்கள் நிற்கும் இடத்துக்கு அது மிக அருகில். உள்ளூர் உற்பத்திக்கு நிஜமான போட்டி அங்கேதான் என்பது என் கணிப்பு. மாருதியின் சின்ன கார்களைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அந்த விலைக்கு ஐரோப்பாவில் கார் செய்யவே முடியாது.

வரியை இறக்கியதால் கார் தொழிலே அழிந்துபோனது என்பதற்கு எல்லோரும் காட்டும் நாடு ஆஸ்திரேலியா. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஐந்து கம்பெனிகள் 13 மாடல்களைச் செய்துகொண்டிருந்தன. வரி 57.5 சதவீதம், போதாததற்கு இறக்குமதிக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு. சந்தையோ சின்னது, எந்த மாடலும் போதுமான அளவு விற்கவில்லை. தொழில்துறை அமைச்சர் ஜான் பட்டன் 1984-ல் ஒரு திட்டம் போட்டார்: மூன்று கம்பெனி, ஆறு மாடல் போதும், வரி வருடா வருடம் இறங்கும். 1988-ல் எண்ணிக்கைக் கட்டுப்பாடு போனது, வரி 45 ஆனது. 2000-ல் 15, 2005-ல் 10, 2010-ல் 5. நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. மாடல்களைக் குறைக்கச் சொன்னதால் ஹோல்டன் கம்பெனியின் கமடோர் காரை டொயோட்டா வாங்கி, லெக்ஸன் என்று பெயர் ஒட்டி விற்றது.

நிசான் 1992-ல் போனது. மிட்சுபிஷி 2008-ல், ஃபோர்டு 2016-ல். 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் ஒரே மாதத்தில் மூடின. இன்று அங்கே பெரும் எண்ணிக்கையில் பயணிகள் கார் செய்யும் ஆலை இல்லை. மக்களுக்குக் கிடைத்ததும் உண்மை: சம்பளம் ஏறிக்கொண்டே போன காலத்தில் கார் விலை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது, ஐம்பதுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் வந்தன.

வரி மட்டுமா காரணம்? 2011 வாக்கில் சுரங்கத் தொழில் கொழித்து ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டியது. உள்ளூரில் செய்த கார் வெளிநாட்டில் விலை ஏறியது, வெளிநாட்டுக் கார் உள்ளூரில் மலிந்தது. 2005-ல் தாய்லாந்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அங்கே செய்த பிக்கப் வண்டிகள் வரியின்றி வந்து குவிந்தன. பதிலுக்கு ஆஸ்திரேலியாவின் ஃபோர்டு டெரிட்டரி தாய்லாந்துக்குப் போகப் பார்த்தால், எஞ்சின் அளவை வைத்துப் போட்ட உள்நாட்டு வரி அதை நிறுத்திவிட்டது. சுங்கத்தைத் திறந்துவிட்டு வேறு கதவைச் சாத்துவது புதிதல்ல.

மறுபக்கம் நம்மூரிலேயே இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை நின்றபோது இந்தியாவின் இறக்குமதி வரி முழு உயரத்தில்தான் இருந்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டு, அடுத்த ஆண்டே கார் உற்பத்தியை நிறுத்தினார்கள். விற்பனை போதாத ஆலையை எந்த வரியும் காப்பாற்றாது. அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களைச் செய்து உள்ளூரிலும் விற்றது, கப்பலிலும் அனுப்பியது. தகடு அழுத்துவதிலிருந்து எஞ்சின் வரை அங்கேயே நடக்கிறது, சுற்றிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று சப்ளையர்கள்.

ஒப்பந்தத்தில் நான் கூர்ந்து பார்ப்பது இந்தச் சப்ளையர்களைத்தான். சென்னை பிஎம்டபிள்யூ ஆலைக்கு எஞ்சின்களை இங்கேயே பூட்டித் தருவது ஃபோர்ஸ் மோட்டார்ஸ், சீட்டைத் தருவது லியர் கம்பெனியின் இந்திய ஆலை. இறக்குமதிப் பாகத்துக்கு 15 சதவீதச் சுங்கம் இருக்கும்வரை இங்கே செய்த பாகத்துக்கு அந்த அளவு சாதகம். அது பூஜ்யமானால் ஜெர்மனியில் செய்த பாகமும் இங்கே செய்த பாகமும் வரியில் சமம். ஐரோப்பா நம் பாகங்களுக்குப் போட்டுவந்த வரியோ ஏற்கெனவே 3 முதல் 4.5 சதவீதம்தான், எனவே அங்கே நமக்குக் குறையப்போவது கொஞ்சம். 2024–25-ல் இந்திய உதிரிபாக ஏற்றுமதி சுமார் 2,290 கோடி டாலர், இறக்குமதி 2,240 கோடி டாலர். இந்த மெல்லிய உபரி எந்தப் பக்கம் சாயும் என்பதை, வரி அட்டவணையில் கார் என்ற ஒற்றைப் பதிவை விட, பிரேக், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என்று தனித்தனியே ஆண்டு போட்டிருக்கும் பதிவுகள்தான் முடிவு செய்யும்.