கருவறை வரை எட்டுமா கைபேசி அலை?

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் இரவானதும் வைஃபை கருவியை அணைத்துவிடச் சொல்வதும், குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆணிடம் கைபேசியைக் கால்சட்டைப் பையில் வைக்க வேண்டாம் என்று எச்சரிப்பதும் இன்று பரவலாகக் கேட்கும் அறிவுரைகள். இந்த அச்சம் கைபேசியோடு பிறந்ததன்று. 1980களில் இதே அச்சம் கணினித் திரைகளின்மீது படிந்திருந்தது. அப்போதுதான் அலுவலகங்களுக்குள் நுழைந்திருந்த குழாய்த்திரைக் கணினிகளின் முன் நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்த பெண்களில் சிலருக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு நேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம், தொலைபேசி இணைப்பகங்களில் குழாய்த்திரையின் முன் வேலை செய்த பெண்களையும், ஏறத்தாழ அதே வேலையை அத்தகைய திரை இல்லாத கருவிகளில் செய்த பெண்களையும் ஒப்பிட்டது. 882 கருத்தரிப்புகளை ஆராய்ந்து 1991இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, இரு தரப்பிலும் கருச்சிதைவு ஏறத்தாழ 15 விழுக்காடாகவே இருந்தது. ஏழு கருத்தரிப்புகளில் ஒன்று திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலைகிறது என்றால், ஆயிரக்கணக்கான அலுவலகங்களுள் சிலவற்றிலேனும் மூன்று நான்கு சிதைவுகள் தற்செயலாக ஒன்றுசேர்ந்து நிகழ்ந்தே தீரும். செய்தியாவதும் அந்த அலுவலகங்கள்தாம்.

திரைகளைப் பற்றிய அச்சம் அடங்கியது, கைபேசியைப் பற்றியது எழுந்தது. இந்தக் குழப்பத்தில் பாதி 'கதிர்வீச்சு' என்ற ஒற்றைச் சொல்லிலிருந்தே பிறக்கிறது. எக்ஸ் கதிர், அணுக்கழிவிலிருந்து வரும் காமா கதிர், வெயில், வானொலி அலை, கைபேசி அலை ஆகிய எல்லாவற்றையும் இந்தச் சொல் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க மருத்துவர் தயங்குவதைப் பார்த்தவர்கள், கைபேசியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதானே என்று எண்ணுவதில் வியப்பில்லை.

மின்காந்த அலை தன் ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கிறது. ஒரு பொட்டலத்தின் அளவை அலையின் அதிர்வெண் தீர்மானிக்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபணுவைச் சிதைக்க ஏறத்தாழ 10 எலெக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் ஒரே பொட்டலத்தில் வந்து சேர வேண்டும். எக்ஸ் கதிரின் ஒரு பொட்டலத்தில் இதைப்போலப் பல நூறு, பல்லாயிரம் மடங்கு இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபை அலையின் பொட்டலத்திலோ ஓர் எலெக்ட்ரான்வோல்ட்டின் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. தேவையோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒன்று. நம் உடல் வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஆற்றலே இதைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். பொட்டலங்களின் எண்ணிக்கையைக் கூட்டி இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. ஒரு கடப்பாரை அடியில் உடையும் பூட்டைக் கோடி மழைத்துளிகள் விழுந்தும் உடைப்பதில்லை. ஆனால் மழை நனைக்கும். கைபேசி அலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எவ்வளவு நனைக்கிறது?

இங்கே நனைதல் என்பது சூடேறுதல். தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் சாயலும் மறுமுனை எதிர்மின் சாயலும் கொண்டது. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்ப முயன்று, அண்டை மூலக்கூறுகளோடு உராய்ந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. நுண்ணலை அடுப்பு வேலை செய்வதும் இப்படியே. ஆனால் அடுப்பு ஆயிரம் வாட் அளவிலான ஆற்றலை மூடிய பெட்டிக்குள் அடைக்கிறது. நான்காம் தலைமுறைக் கைபேசி உச்சத்தில் 0.2 வாட் அளவையும், வீட்டு வைஃபை கருவி பெரும்பாலும் 0.1 வாட் அளவையும் திறந்த வெளியில் எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகின்றன.

உடல் உட்கவரும் அலையாற்றலை ஒரு கிலோகிராம் எடைக்கு இத்தனை வாட் என்று அளக்கிறார்கள். கைபேசியின் விவரக்குறிப்பில் எஸ்.ஏ.ஆர். என்று காணப்படும் எண் இதுவே. உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் வீதம் தொடர்ந்து உட்கவர்ந்தால் உள்வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி உயரும். அயனியாக்காத, அதாவது மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்காத, கதிர்வீச்சுக்கான சர்வதேசப் பாதுகாப்பு ஆணையம் அந்த அளவை ஐம்பதால் வகுத்து, பொதுமக்களுக்கு 0.08 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஓய்வில் இருக்கும் மனித உடல் தானாகவே கிலோவுக்கு 1 வாட் அளவில் வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலைக்கருவிகளோடு தொழில்முறையில் வேலை செய்பவர்களுக்கு வரம்பு சற்றுத் தளர்வானது. எனினும் கருவுற்ற பணியாளரைப் பொதுமக்களுள் ஒருவராகவே கருத வேண்டும் என்று அந்த ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. வயிற்றில் இருக்கும் சிசு எந்தத் தொழிலையும் ஏற்றுக்கொண்டு அங்கே இருக்கவில்லை அல்லவா?

இனி அந்த ஆற்றலின் பின்னாலேயே சென்று, அது சிசுவை எட்டும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். முதல் தடை தொலைவு. 0.1 வாட் வைஃபை கருவி ஒரு மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 0.008 வாட் அளவே தருகிறது. அங்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 10 வாட். தொலைவு இரு மடங்கானால் இது நான்கில் ஒன்றாகும். இரண்டாம் தடை தாயின் உடலே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஊடுருவியதும் அதன் ஆற்றல் ஏழில் ஒன்றாகத் தேய்ந்துவிடுகிறது. தோல், கொழுப்பு, தசை, கருப்பைச் சுவர், பனிக்குட நீர் என்று அடுக்கடுக்காகக் கடந்துதான் எதுவும் சிசுவை அடைய வேண்டும். தண்ணீரோ இந்த அலையை விழுங்குவதில் வல்லது. ஐந்தாம் தலைமுறையின் மில்லிமீட்டர் அலைகளைக் கண்டு அஞ்சுவோர் பலர் உண்டு, ஆனால் அதிர்வெண் கூடக்கூட ஊடுருவும் ஆழம் குறைகிறது. 26 கிகாஹெர்ட்ஸ் அலை தோலின் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

வெப்பம் கருவுக்குத் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. உண்மையில் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் தாயின் உடல் வெப்பநிலை 39 டிகிரியைத் தாண்டுவது கவலைக்குரியது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது; அந்த வாரங்களில் வரும் கடும் காய்ச்சலுக்கும் நரம்புக்குழாய்க் குறைபாடுகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. சிசு எப்போதுமே தாயைவிட அரை டிகிரி சூடாக இருக்கிறது. தன் வெப்பத்தை நஞ்சுக்கொடி வழியே தாயின் இரத்தத்துக்குக் கொடுத்தே அது குளிர வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் வந்தால் அந்த வழி அடைபடுகிறது. ஆனால் காதருகே பிடித்த கைபேசியோ மேசைமேல் இருக்கும் வைஃபை கருவியோ தாயின் உள்வெப்பநிலையை அளக்கத்தக்க அளவுக்கு உயர்த்துவதில்லை.

கைபேசியைவிடப் பல நூறு மடங்கு வலிமையான அலையோடு அன்றாடம் வேலை செய்த பெண்கள் இருந்தார்கள். தசைவலிக்குச் சூடேற்றும் சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர்கள் அவர்கள். அமெரிக்காவில் 1993இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நுண்ணலைக் கருவியைக் கையாண்டவர்களிடம் கருச்சிதைவு சற்று மிகுந்திருப்பதையும், சிற்றலைக் கருவியை (நுண்ணலையைவிட அதிர்வெண் மிகக் குறைந்த வானொலி அலையால் சூடேற்றுவது) கையாண்டவர்களிடம் அப்படி இல்லாததையும் கண்டது. விந்தை என்னவென்றால், உடலுக்குள் ஆழமாகப் போவது சிற்றலைதான். சிசுவை எட்டக்கூடிய அலையில் விளைவு காணாமல், எட்ட வாய்ப்புக் குறைந்த அலையில் விளைவு காணப்பட்டால், காரணம் அலைதானா என்று ஐயுறவே தோன்றுகிறது.

பொதுவான கைபேசிப் பயன்பாட்டைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று 2017இல் வெளியானது. டென்மார்க், தென்கொரியா, நெதர்லாந்து, நார்வே, ஸ்பெயின் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 83,884 தாய்-சேய் இணைகளின் விவரங்களை அது திரட்டியது. கர்ப்பகாலத்தில் மிகுதியாகக் கைபேசி பேசிய தாய்மாரின் குழந்தைகளிடம் மிகைச் சுறுசுறுப்பும் கவனக்குறைவும் சற்றுக் கூடுதலாக இருந்தன. செய்தித்தாளுக்கு இது போதும். ஆய்வாளர்களுக்கோ போதவில்லை: ஓயாமல் பேசும் தாயின் இயல்பு, குழந்தை பிறந்த பின்னும் அவர் கைபேசியில் செலவிடும் நேரம், குடும்பச் சூழல் ஆகியவை இதே விளைவைத் தரக்கூடும் என்று அவர்களே குறிப்பிட்டார்கள். அதே ஆண்டு நார்வேயில் 45,389 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், கைபேசி பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் மூன்று வயதில் மொழித்திறனில் பின்தங்குவது குறைவாக இருந்தது. அலை குழந்தையின் மொழியை வளர்க்கிறது என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டுவதில்லை. பேச்சில் ஆர்வமுள்ள தாய் குழந்தையோடும் பேசுவாள் என்றுதான் எண்ணுகிறோம். நல்ல முடிவுக்கு இந்த விளக்கத்தைத் தேடும் நாம், கெட்ட முடிவுக்கும் அதைத் தேடுவதே நேர்மை. கைபேசிக் கோபுரங்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் சிறு வயதில் புற்றுநோய் கண்ட 1,397 குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, கர்ப்பகாலத்தில் தாய் கோபுரத்துக்கு அருகே வசித்ததற்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை.

விலங்குகளிடம் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் முடித்த ஆய்வில், எலிகள் கருவில் இருந்தபோதிருந்தே நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும் கிலோவுக்கு 6 வாட் வரையிலான அலையைப் பெற்றன. பொதுமக்களுக்கான வரம்பைப்போல 75 மடங்கு அது. உயர்ந்த அளவுகளைப் பெற்ற தாய் எலிகளின் குட்டிகள் எடை குறைந்திருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அண்மை ஆண்டுகளில் செய்யப்பட்ட திறனாய்வும் இதையொட்டியே பேசுகிறது: ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, எடை சற்றுக் குறையலாம், அதுவும் மனிதர் அன்றாடம் பெறுவதைவிட மிக உயர்ந்த, உடலைச் சூடேற்றும் அளவுகளில்.

ஆண்களின் பக்கம் திரும்பினால் கணக்கு மாறுகிறது, ஏனெனில் இங்கே தடுப்புச் சுவர் மெல்லியது. விந்தகங்கள் உடலுக்கு வெளியே தொங்குவது குளிர்ச்சிக்காகத்தான். உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி செவ்வனே நடக்கும். விந்தணுவும் எளிதில் பாதிக்கப்படும் உயிரணுவே: தன்னைச் சீர்செய்துகொள்ளத் தேவையான சரக்கு எதுவும் அதனிடம் பெரிதாக இல்லை. எனவே இங்கே ஐயம் எழுவது நியாயமானது.

ஆனால் அலைக்கு முன்பே வெப்பம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. 2005இல் 29 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், மடிக்கணினியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் வேலை செய்தபோது விரைப்பையின் வெப்பநிலை 2.6 முதல் 2.8 டிகிரி வரை உயர்ந்தது. கணினியே இல்லாமல், தொடைகளைச் சேர்த்துவைத்து அதேபோல் அமர்ந்திருந்தபோதும் 2.1 டிகிரி உயர்ந்தது. பழியின் பெரும்பகுதி உட்காரும் முறைக்கும், மிச்சத்தில் பெரும்பங்கு கணினியின் அடிப்பாகத்துச் சூட்டுக்கும் போகிறது.

அலையையே குறிவைத்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2008இல் அமெரிக்காவில் கருத்தரிப்பு மருத்துவமனைக்கு வந்த 361 ஆண்களிடம், கைபேசி நேரம் கூடக்கூட விந்தணுத் தரம் குறைந்தது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே குறை தேடி வந்தவர்கள். 2012இல் அர்ஜென்டினாவில் 29 பேரின் விந்தணுக்களை வைஃபையில் இயங்கிய மடிக்கணினிக்கு அடியில் நான்கு மணி நேரம் வைத்தபோது அவற்றின் நீந்தும் திறன் குறைந்தது. ஆனால் கண்ணாடிக் கலத்தில் இரத்த ஓட்டமும் இல்லை, குறுக்கே தசையும் இல்லை. இவற்றைவிட எடையுள்ளது ஸ்விட்சர்லாந்து ஆய்வு. 2005 முதல் 2018 வரை 2,886 இளைஞர்களை அது பரிசோதித்தது. நாளுக்கு இருபது முறைக்கு மேல் கைபேசியைப் பயன்படுத்தியோரிடம் ஒரு மில்லிலிட்டரில் 4.45 கோடி விந்தணுக்களும், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதோரிடம் 5.65 கோடியும் இருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடும் கீழ்வரம்பு 1.6 கோடி. மேலும் இரண்டு செய்திகள் அதில் உண்டு: இந்த வேறுபாடு தொடக்க ஆண்டுகளில் தெளிவாக இருந்து, வலிமை குறைந்த அலைகளை வெளியிடும் புதிய தலைமுறைக் கைபேசிகள் வந்த பின் மங்கிவிட்டது, கைபேசியைக் கால்சட்டைப் பையில் வைத்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. முதல் செய்தி அலையைச் சந்தேகிக்கச் சொல்கிறது, இரண்டாவது அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே என் கணிப்பு. முடியும்போது விளைவு இருப்பதாகத் தெரிந்தாலும் அது சிறிதாகவே இருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. புகை, உடற்பருமன், நீடித்த சூடு ஆகியவற்றின் விளைவுகள் இத்தனை ஆய்வுகளில் இப்படிக் கண்ணாமூச்சி ஆடவில்லை.

ஐயம் தீரும்வரை காத்திருக்க விரும்பாதவர்களுக்கு வழிகள் எளியவை. கைபேசியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் அலையின் அளவு பல மடங்கு குறைந்துவிடும். மடிக்கணினியை மேசைக்கு மாற்றினால் சூடும் சேர்ந்து ஒழியும். புதிய விந்தணுக்கள் உருவாக இரண்டரை மாத அளவில் ஆகும் என்பதால், பழக்கத்தை மாற்றிய பலனை அறிய அவ்வளவு காலமாவது பொறுக்க வேண்டும். கருவுற்ற பெண் கைபேசியை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். வைஃபையை அணைப்பதும் அணைக்காததும் அவர் விருப்பம். கர்ப்பிணிகளுக்கென்று விற்கப்படும் கதிர்த் தடுப்பு ஒட்டிகளும் உறைகளும் பணத்தைத்தான் குறைக்கின்றன. கைபேசி தன் வலிமையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி. உறை அதன் அலைவாங்கியை மறைத்தால், கோபுரத்தை எட்டுவதற்காக அது முன்னைவிட உரக்கப் பேசத் தொடங்கும்.