பிக்மி நம்பரும் பதினான்காயிரமும்: மகப்பேறு நிதி எங்கே சிக்குகிறது?

எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் வரவேண்டிய ஆறாயிரம் ரூபாயைக் கேட்டு வந்திருந்தார். "எங்க பக்கம் எல்லாம் ஏத்தியாச்சும்மா, பேங்க்ல கேளு" என்றார்கள். முந்தின நாள்தான் பேங்கில், "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஆஸ்பத்திரியில கேளுங்க" என்று அனுப்பியிருந்தார்கள்.

அவர் கையில் இருந்த தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான்காம் மாதம், ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் மூன்றிலும் எடை 46 கிலோ. உண்மையிலேயே எடை கூடவில்லையா, இல்லை மெஷினில் ஏற்றாமலே போன மாதத்து எண்ணைப் பார்த்து எழுதினார்களா என்பது அவருக்கே நினைவில்லை. கூடவில்லை என்றால், சத்தாகச் சாப்பிட அந்தப் பணம் அன்றைக்கே கைக்கு வந்திருக்க வேண்டும். பார்த்து எழுதியது என்றால் அவரை யாரும் கவனிக்கவே இல்லை.

திட்டம் இதுதான். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2018 முதல் 18,000 ரூபாய்: பணமாக 14,000, மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முன்பு ஐந்து தவணையாக வந்த பணம் 2024 முதல் மூன்று தவணையாக வருகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, பிரசவமாகி நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் 2,000. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமும் இதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. "அது தனியா ஐயாயிரம் வரும், நான் வாங்கித் தர்றேன்" என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்தத் தவணைக்கும் கட்டணம் கிடையாது.

முதல் குழி பன்னிரண்டு வாரம். கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர் வாங்கியிருக்க வேண்டும். பிக்மி என்பது கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து வைக்கும் அரசின் கணினிப் பதிவேடு. நம் வீடுகளிலோ மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். கண் பட்டுவிடும், நிலைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். அந்த அப்புறத்துக்குள் பன்னிரண்டு வாரம் ஓடிவிடும். அதிலும் இந்த வாரக்கணக்கு கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து தொடங்குவதில்லை, கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் பொறுத்து, கிட் வாங்கிச் சோதித்துப் பார்க்கும்போதே ஐந்து ஆறு வாரம் கழிந்திருக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மாதம்தான். ஊருக்குச் சொல்ல வேண்டாம், கிராம சுகாதார செவிலியருக்கு மட்டும் சொல்லுங்கள். 102க்குப் போன் செய்தும் பதியலாம், பிக்மி இணையதளத்தில் நீங்களேயும் பதியலாம்.

பதிவதற்கு ரேஷன் கார்டு வேண்டும், கல்யாணச் சான்றிதழ் வேண்டும், புது முகவரிக்கு ஆதாரை மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தைப் பதிவது வேறு, பணத்துக்கு ஆவணம் கொடுப்பது வேறு. "முதல்ல நம்பர் போடுங்க சிஸ்டர், பேப்பர் பின்னாடி தர்றேன்" என்று அங்கேயே உட்காருங்கள். தனியார் மருத்துவரிடம்தான் பார்க்கிறோம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே தமிழ்நாட்டில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

பதிந்ததும் பன்னிரண்டு இலக்க எண்ணை அட்டையில் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "போட்டாச்சும்மா, போ" என்பது எண் ஆகாது. மாதவிலக்கு தேதியையும் சரிபாருங்கள். அது ஒரு மாதம் தள்ளி ஏறியிருந்தால் தவணைகள் எல்லாமே தள்ளிப்போகும்.

தகுதி என்று பார்த்தால் முதல் இரண்டு பிரசவம், வயது 19 நிறைந்திருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம். வயதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஆதாரில் பிறந்த தேதி தப்பாக ஏறியவர்கள். உங்களுக்கு 21 என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், பேங்கில் கணவர் பெயர், பிக்மியில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே பெண் என்று மனிதருக்குப் புரியும், மென்பொருளுக்குப் புரியாது. கல்யாணம் ஆனதும் பெயரை மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பிரசவம் முடிந்து மூன்றாம் தவணையும் வந்தபிறகு மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும், ஒரு இடம் நிச்சயம் விட்டுப்போகும்.

இனி பேங்க். இங்கேதான் நிறையப் பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கணக்கு கர்ப்பிணியின் பெயரில் இருக்க வேண்டும், கணவர் கணக்கு உதவாது. ஆதார் எண்ணைக் கணக்கோடு இணைத்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். இணைப்பு இரண்டு வகை. ஒன்று, பேங்க் தன் ஏட்டில் உங்கள் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்வது. இன்னொன்று, அரசுப் பணம் எந்தப் பேங்குக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் ஏற்றுவது. இதை ஆதார் சீடிங் என்பார்கள். பணம் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகிறது. நீங்கள் பாஸ்புக் நகலைக் கொடுத்தது ஒரு பேங்க், பட்டியலில் இருப்பது வேறு பேங்க் என்றால் பணம் பட்டியலில் இருக்கும் பேங்குக்கே போகும்.

முதலில் சொன்ன பெண்ணுக்கு நடந்தது அதுதான். பள்ளியில் படித்தபோது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு ஒன்று அம்மா ஊரில் இருந்தது. பாஸ்புக்கே தொலைந்துவிட்டது, அப்படி ஒரு கணக்கு இருப்பதையே மறந்துவிட்டார். ஆறாயிரமும் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி சொன்னதும் சரி, பேங்க் சொன்னதும் சரி. பட்டியலைப் பாரும்மா என்று சொல்லத்தான் இரண்டு இடத்திலும் ஆள் இல்லை.

இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மை ஆதார் தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால், பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் எந்தப் பேங்க் என்று காட்டும். ஆதாரோடு இணைந்த போன் நம்பர் பழையதாக இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது, ஒன்பதாம் மாத வயிற்றோடு வரிசையில் நிற்க முடியாது. பேங்கில் இழுத்தடித்தால் தபால் அலுவலகத்துக்குப் போங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கை விரல்ரேகை வைத்தே திறக்கலாம், ஆதார் சீடிங்கும் அங்கேயே செய்து தருவார்கள்.

அடுத்தது தாய்வீடு. பதிவு புகுந்த ஊரில், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போவது அம்மா ஊர், பிரசவம் அங்கே, தடுப்பூசியும் அங்கே. புகுந்த ஊர் நர்சம்மா "நீ இங்க இல்லையே" என்பார், அம்மா ஊர் நர்சம்மா "உன் பேர் எங்க லிஸ்ட்ல இல்லையே" என்பார். இதற்கு மருந்து அந்தப் பன்னிரண்டு இலக்க எண்தான். ஊர் மாறினாலும் எண் மாறாது. புது ஊரில் புதிதாக இன்னொரு எண் போட மட்டும் விடாதீர்கள், இரண்டு எண் வந்துவிட்டால் இரண்டிலும் பாதிப் பாதிப் பதிவுதான் இருக்கும். கிளம்பும் முன் புகுந்த ஊர் நர்சம்மாவின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஊர் போனதும் முதல் செவ்வாய்க்கிழமையே கர்ப்பிணிகளுக்கான பரிசோதனைக்கு அட்டையோடு போய்ப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

பெட்டகத்துக்கு வருவோம். மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஹெல்த் மிக்ஸ், பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், பூச்சி மாத்திரை எல்லாம் இருக்கும். "ஸ்டாக் இல்லை, வந்தா போன் பண்றோம்" என்பார்கள். போன் வராது. ஸ்டாக் வந்ததா என்று ஒவ்வொரு பரிசோதனையின்போதும் நீங்கள்தான் கேட்க வேண்டும். கையெழுத்தைப் பெட்டகத்தைக் கையில் வாங்கிய பிறகே போடுங்கள். "கையெழுத்துப் போட்டுட்டுப் போ, அடுத்த வாரம் வாங்கிக்க" என்பதற்குத் தலையாட்டினால் ஏட்டில் நீங்கள் வாங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எங்கே போய்க் கேட்பது?

"நீ நல்லாத்தானே குண்டா இருக்க, உனக்கு எதுக்கு நெய்" என்று ஒரு பெண்ணைக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பெட்டகம் வாங்க எடை ஒரு தகுதியே அல்ல. குண்டாக இருக்கும் பெண்ணுக்கும் ரத்தசோகை இருக்கும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு அது ரத்தசோகைதான், உடம்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் பெட்டகத்தில் இருப்பதை எல்லாம் கொடுத்த அன்றே பிரித்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் போடக்கூடாது. பெட்டகமோ மூன்றாம் மாதத்தில் வருகிறது. எப்போது போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் பேரீச்சம்பழத்தையும் ஹெல்த் மிக்ஸையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்கிறார்கள். அந்தச் சோதனையைத் தொடக்கத்தில் ஒருமுறையும் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறையும் செய்ய வேண்டும். முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். காபி, டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாக ஒட்டாது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது, இடைவெளி விடுங்கள். மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது சுத்தப் பொய். கறுப்பாவது மலம் மட்டும்தான்.

எடை மெஷினில் ஏறி நின்று, எண்ணை உங்கள் கண்ணால் பார்த்து, அட்டையில் எழுதுவதையும் பாருங்கள். சராசரி உடல்வாகு உள்ளவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்துக்கும் 10 முதல் 12 கிலோ கூடுவது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒல்லியாகத் தொடங்கியவர்களுக்கு இன்னும் கூட வேண்டும், முன்பே எடை அதிகமாக இருந்தவர்களுக்குக் குறைவாகக் கூடினால் போதும். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று வீட்டில் தட்டை நிரப்புவார்கள். உண்மையில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்கு 350 கலோரி அளவுதான். அதேபோல, குழந்தை பெரிதானால் ஆபரேஷன் ஆகிவிடும் என்று தட்டைக் குறைக்கும் வீடுகளும் இருக்கின்றன. எனக்கு அவைதான் அதிகக் கவலை. இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றாலோ, ஒரே வாரத்தில் திடீரென்று ஏறி முகமும் கையும் வீங்கினாலோ அடுத்த செவ்வாய்க்காகக் காத்திருக்காதீர்கள்.

பெட்டகம் வாங்கியவர்களுக்கு அங்கன்வாடி சத்துமாவு கிடையாது என்று யாராவது சொன்னால் அது தவறு. அது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உரிமை. கர்ப்பகாலம் முழுக்க, பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை. மூன்றாவது கர்ப்பமா, எத்தனை பிள்ளை என்றெல்லாம் அங்கே கணக்கில்லை. நிதியுதவி கிடைக்காதவர்கள் இதையாவது கேட்டு வாங்குங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் தடுப்பூசிப் பதிவைப் பார்த்து வருகின்றன. 6, 10, 14 வாரத்து ஊசிகள் முடிந்தால் நான்காம் மாதத் தவணை, ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசி போட்டால் கடைசித் தவணை. ஊசி போடுவது மட்டும் போதாது, பிக்மியில் ஏற வேண்டும். தனியாரிடம் ஊசி போட்டவர்கள் அட்டையை நர்சம்மாவிடம் காட்டி ஏற்றச் சொல்லுங்கள். திட்டமே அரசு மருத்துவமனைப் பிரசவத்தை மனதில் வைத்துக் கட்டியது. தனியாரில் பிரசவம் பார்க்க நினைக்கிறவர்கள் எந்தத் தவணை நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டு முடிவெடுங்கள்.

பணம் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்ப வரும்?" அல்ல. அதற்கு "வரும்மா" என்ற ஒரே பதில்தான். "என் பேருக்கு பில் போட்டாச்சா? எந்தத் தேதி? திரும்பி வந்திருந்தா என்ன காரணம் காட்டுது?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் கம்ப்யூட்டரில் பதில் இருக்கும். அங்கே மழுப்பினால் வட்டார மருத்துவ அலுவலர். அப்புறம் சுகாதாரத் துறை உதவி எண் 104 அல்லது முதல்வர் உதவி மையத்தின் 1100. புகார் எண்ணைக் குறித்து வைக்காவிட்டால் போன் செய்தும் பயனில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நீளமாகக் கதை எழுத வேண்டாம். பிக்மி எண்ணைக் குறிப்பிட்டு, எனக்கு எந்தெந்தத் தேதியில் எந்தத் தவணை அனுப்பப்பட்டது, எந்தப் பேங்குக்கு, திரும்பியிருந்தால் காரணம் என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். பள்ளிக்காலத்துக் கணக்குக்குப் போன அந்த ஆறாயிரத்தை நாங்கள் கண்டுபிடித்தது இந்த மூன்று வரியால்தான்.