பாசிட்டிவ் சைக்காலஜி: ‘நேர்மறை’யா, ‘ஆக்க’மா?

துக்கத்தில் இருப்பவரிடம் “பாசிட்டிவா இருங்க” என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பவருக்கு அது எவ்வளவு வலிக்கும்! பாசிட்டிவ் சைக்காலஜி என்ற துறையும் இதைத்தான் சொல்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்க, அதன் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

‘பாசிட்டிவ்’ லத்தீன் வழி வந்த சொல். அதன் வேர் ‘போனெரே’; வைத்தல், நிறுத்துதல் என்று பொருள். நிலையாக வைக்கப்பட்டது, உறுதியானது என்பதுதான் பழைய பொருள். சிரிப்பும் உற்சாகமும் அதில் கிடையாது. பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் மனம் கலங்குகிறோமே, அங்கே இருப்பது அந்தப் பழைய பொருள்தான். நம் செய்தித்தாள்கள் ‘தொற்று உறுதி’ என்று எழுதியது மிகச் சரி.

‘சைக்காலஜி’யின் முதல் பாதி கிரேக்கத்தின் ‘ப்சூக்கே’: மூச்சு, உயிர். தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். ஆனால் துறைக்குப் பெயர் வைத்தபோது நாம் உயிரை விட்டு உள்ளத்தைப் பிடித்தோம், உளவியல் ஆயிற்று.

பாசிட்டிவ் சைக்காலஜி என்ற தொடரை அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1954இலேயே ஓர் அத்தியாயத் தலைப்பில் எழுதிவிட்டார். அதைத் தனித் துறையாக முன்னிறுத்தியவர் மார்ட்டின் செலிக்மன், 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது. மனநோயை ஆராய்வது போலவே, மனிதர் நன்றாக வாழ எது உதவுகிறது என்பதையும் ஆராய வேண்டும் என்றார் அவர். துயரத்தை மறைக்கச் சொல்லவில்லை.

இந்தத் துறையின் பயிற்சி ஒன்றைப் பாருங்கள். இரவில் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுத வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுத வேண்டும். ‘அம்மா இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். ஏன்? பத்து நாளாக விடாமல் நடைப்பயிற்சி செய்கிறார்.’ இவ்வளவுதான். அந்த ‘ஏன்?’ முக்கியம், நல்லது எப்படி உண்டாகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும். செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடி மனச்சோர்வு குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் தெரிந்தது. வாரம் முடிந்த பிறகும் தாமாகவே எழுதிவந்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நேர்மறை உளவியல்’ பரவிவிட்டது. எனக்கு அதில் ஒரு நெருடல். ‘எதிர்மறை’யில் உள்ள ‘மறை’ மறுப்பைக் குறிப்பது. ‘எதிர்’ இருந்த இடத்தில் ‘நேர்’ வந்தாலும் மறுப்பு அப்படியே நிற்கிறது. இலக்கணத்தில் எதிர்மறைக்கு இணை உடன்பாடு. கணக்கில் குறை எண்ணுக்கு இணை மிகை எண். இந்த இரண்டும் உளவியலுக்குப் பொருந்தி வரவில்லை.

‘ஆக்க உளவியல்’ என்பதே என் தேர்வு. ஆக்கம் என்றால் உண்டாக்குதல், வளர்ச்சி, செழிப்பு. மூன்றும் இந்தத் துறைக்குப் பொருந்தும். இந்தத் துறையில் அடிக்கடி வரும் ‘வெல்பீயிங்’குக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், நலம் போதும். “நலமா?” என்று கேட்கும்போது உடம்பையும் மனத்தையும் சேர்த்துத்தானே கேட்கிறோம்.