சில்வர் டெமாக்ரசி: தமிழில் எப்படிச் சொல்வது?

‘வெள்ளி ஜனநாயகம்’ என்று யாராவது எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை ஞாபகம்தான் முதலில் வரும். முதியோரின் ஓட்டுப் பக்கம் சாயும் மக்களாட்சியைக் குறிக்கும் ‘சில்வர் டெமாக்ரசி’ என்ற இந்தச் சொல் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ‘ஷிருபா மின்ஷுஷுகி’ என்பார்கள். ‘ஷிருபா’ என்பது ஆங்கில ‘சில்வர்’ ஜப்பானிய வாயில் உருண்டு வந்த வடிவம்.

முதியோருக்கு எப்படி வெள்ளி ஒட்டிக்கொண்டது? நரைமுடியால் என்று நினைப்போம். நிஜக் கதை வேறு. 1973 செப்டம்பர் 15, முதியோரைப் போற்றும் நாளன்று, டோக்கியோவின் சூவோ ரயில் தடத்தில் முதியோருக்கெனத் தனி இருக்கைகள் வந்தன. அடையாளம் தெரிய வேண்டுமே என்று, புல்லட் ரயில் இருக்கைக்கான வெள்ளிச் சாம்பல் துணியை அவற்றில் போர்த்தினார்கள். ‘சில்வர் சீட்’ என்ற பெயர் நின்றுவிட்டது. அப்புறம் முதுமைக்கே அது மரியாதைப் பெயராகிவிட்டது. முதியோருக்கு வேலை தேடித் தரும் மையமும் ‘சில்வர்’தான்.

இந்தச் சொல் அரசியலில் குறிப்பது, முதியோரின் ஓட்டுக்கு அஞ்சி, அவர்கள் பக்கமே சாயும் மக்களாட்சியை. ஜப்பானியரில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். தலைக்கணக்கு மட்டுமில்லை, சாவடிக்கு வருவதும் அவர்கள்தான். 2021 கீழவைத் தேர்தலில் அறுபதுகளில் இருப்போர் 71 சதவீதம் வாக்களித்தார்கள். இருபதுகளில் இருப்போர் 36 சதவீதம்தான். விளைவு? 70 முதல் 74 வயதினர் மருத்துவச் செலவில் 20 சதவீதத்தைத் தாங்களே கட்ட வேண்டும் என்று 2008-க்கே சட்டம் சொன்னது. அரசு துணியவில்லை. 2014 வரை 10 சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லை நீட்டக்கூடாது. முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட பல துறைகளில் ஆள் போதாமல், 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் புது விசா வந்தது. ‘இது குடியேற்றக் கொள்கை அல்ல’ என்று அன்றைய பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு அழுத்திச் சொன்னது. (இலங்கைத் தமிழர் ‘குடிவரவு’ என்பார்கள், அதுவே துல்லியமான சொல் என்பேன்.) 2025 மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியர் முதலில்’ என்று முழங்கி, வெளிநாட்டவர் வரவை எதிர்த்த சன்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. அதற்குக் கைகொடுத்தது நரைத்த தலைகளைவிட இளையோரும் நடுவயதினரும்தான். முதியவரைக் கைத்தாங்கலாக எழுப்பிவிடும் வெளிநாட்டுப் பணியாளருக்கோ நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டே இல்லை.

சரி, தமிழில்? ‘முதியோராட்சி’ பொருந்தாது. அது அரியணையில் கிழவர்கள் இருப்பது; இங்கே முதுமை வாக்குச்சீட்டில் இருக்கிறது. ஆளுகிறவர் முப்பது வயதுக்காரராக இருந்தாலும் இது நடக்கும். ‘முதுவாக்கு மக்களாட்சி’ என்று முயன்றேன். ‘வாக்கு’க்குச் சொல் என்றும் பொருள் இருப்பதால் பழமொழி மாதிரி ஒலிக்கிறது. என் தேர்வு ‘நரைச்சாய்வு மக்களாட்சி’. நரையில் நிறமும் வயதும் சேர்ந்தே இருக்கின்றன. சாய்வு என்றால் தராசுத் தட்டு கண்ணில் படும். தலைப்புக்கு நீளம் என்றால் ‘நரைச்சாய்வு’ மட்டும் போதும்.