ரிப்போர்ட்டில் கைனேஸ் ஜீன் பெயரைப் பார்த்ததும் மாத்திரை தேடுபவர்களுக்கு

இந்த வாரமும் அப்படி ஒரு குடும்பம் வந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய். திசுவில் செய்த மரபணுப் பரிசோதனை அறிக்கையை மகள் மேசைமேல் வைத்தார். “மேடம், அம்மாவுக்கு ஈஜிஎஃப்ஆர் ஜீன் இருக்காம். தெரிஞ்சவர் ஒருத்தருக்கும் அதே ஜீன்தான். அவர் சாப்பிடற மாத்திரையையே வாங்கி ஒரு மாசமா கொடுத்துட்டிருக்கோம்.”

ஈஜிஎஃப்ஆர் ஒரு கைனேஸ் ஜீன். கைனேஸ் என்பது மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஒட்டி, செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பும் புரதம். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது: எக்ஸான் 20 இன்செர்ஷன். அதாவது ஜீனின் 20ஆம் துண்டில் கூடுதல் எழுத்துகள் நுழைந்திருக்கின்றன. தெரிந்தவருக்கு இருந்ததோ எக்ஸான் 19 டெலீஷன், 19ஆம் துண்டில் சில எழுத்துகள் விடுபட்டது. ஜீன் ஒன்றேதான். ஆனால் எக்ஸான் 19 டெலீஷனுக்கும் எல்858ஆர் என்ற ஒற்றை அமினோ அமில மாற்றத்துக்கும் நன்றாகக் கேட்கிற ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள், எக்ஸான் 20 இன்செர்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்பதில்லை. ஒரு மாதம் வீணாகிவிட்டது. இந்த நோயில் ஒரு மாதம் என்பது சாதாரணமில்லை.

எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். ஈஜிஎஃப்ஆர் ஜீன் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறது, இன்று பிறந்த குழந்தைக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால்தான் பிரச்சினை. பிஆர்ஏஎஃப், ஆர்இடி, ஜாக்2, ஏபிஎல்1 போன்ற மற்ற கைனேஸ் ஜீன்களும் அப்படித்தான். “எனக்கு ஈஜிஎஃப்ஆர் இருக்கு” என்று பதறுவது “எனக்குக் கல்லீரல் இருக்கு” என்று பதறுவதைப் போன்றது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஜீனில் எந்த இடத்தில், என்ன மாறியிருக்கிறது? அந்த மாற்றத்தால் புரதத்தின் வேலை கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?

ஜீன் பெயர் இருந்தாலே மாத்திரை உண்டு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸை அடக்க 2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் கதையே மாறியது. அதிலிருந்து ‘கைனேஸ் என்றால் மாத்திரை’ என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அதே பிசிஆர்-ஏபிஎல்லில் டி315ஐ என்று ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இமாட்டினிப் வேலை செய்யாது. இதை யாரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஒரு ஜீனைக் கைனேஸ் ஜீன் என்று எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். 1988இல் ஹாங்க்ஸ், குவின், ஹண்டர் ஆகிய மூவரும் அன்று தெரிந்திருந்த கைனேஸ்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டு, வினைப்பகுதியில், அதாவது கைனேஸின் வேலை நடக்கும் பகுதியில், மாறாமல் திரும்பத் திரும்ப வரும் இடங்களைக் குறித்தார்கள். சுமார் 250 முதல் 300 அமினோ அமிலம் நீளமுள்ள பகுதி அது. பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி என்ற மூலக்கூறின் பாஸ்பேட்டுகளைப் பிடிக்கும் கிளைசின் வளையம், அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்தும் லைசின் என்ற ஒரு அமினோ அமிலம், பின்னால் எச்ஆர்டி, டிஎஃப்ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர்கள் (ஒவ்வோர் எழுத்தும் ஒரு அமினோ அமிலம்). மனித மரபணுத் தொகுதியின் வரைவு கிடைத்ததும் இந்தச் சாயலைத் தேடித்தான், 2002இல் மானிங் குழுவினர் 518 புரத கைனேஸ் ஜீன்களைப் பட்டியலிட்டார்கள். மனித ஜீன்களில் ஏறத்தாழ 1.7 சதவீதம்.

அந்தப் பட்டியலிலேயே ஏறக்குறைய 50 புரதங்களில், வினைக்குத் தேவை என்று கருதப்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றாவது இல்லை. அதற்காக அவை எல்லாமே வேலை செய்யாதவை என்று சொல்லிவிட முடியாது: டபிள்யூஎன்கே1 என்ற கைனேஸில் லைசின் வழக்கமான இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருந்தபடியே வேலை செய்கிறது. ஜாக்2வில், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உருவாகும் பாலிசைத்தீமியா நோயாளிகளிடம் காணப்படும் புகழ்பெற்ற வி617எஃப் மாற்றம் இருப்பதோ வினைப்பகுதியிலேயே அல்ல, அதை அடக்கிவைக்கும், பார்க்க மட்டும் கைனேஸ் போலிருக்கும் போலி கைனேஸ் பகுதியில். கைனேஸ் ஜீன் என்ற முத்திரை, ‘இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது’ என்பதை மட்டும் சொல்லும். உங்கள் உடம்பில் நடப்பதைச் சொல்லாது.

திசையும் முக்கியம். ஆர்இடி ஜீன் அடங்காமல் இயங்கினால் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் வரலாம். அதே ஜீன் செயலிழந்தால் குழந்தையின் பெருங்குடலில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ப்ரங் நோய் வரலாம். பிடிகே என்ற கைனேஸ் ஜீன் கெட்டால் ஆண் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் உருவாவதில்லை. ஏற்கெனவே வேலை செய்யாத கைனேஸைத் தடுக்க மாத்திரை எதற்கு? பிஆர்ஏஎஃப் விஷயத்தில் இன்னும் மோசம்: அதன் வி600ஈ மாற்றத்துக்கான வெமுராஃபெனிப் மாத்திரை, அந்த மாற்றம் இல்லாத செல்களில் வளர்ச்சி சமிக்ஞையைக் கூட்டிவிடக்கூடும். அதைச் சாப்பிடுபவர்கள் சிலருக்குத் தோலில் புதிய கட்டிகள் கிளம்புவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் போகும்போது முழு அறிக்கையையும் எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தை மட்டும் மொபைலில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். ஜீன் பெயருக்குப் பக்கத்தில் பி. என்று தொடங்கும் குறியீடு இருக்கும், அதுதான் விஷயமே. மாதிரி கட்டியிலிருந்து எடுத்ததா, ரத்தத்திலிருந்தா என்று கேளுங்கள். கட்டியில் மட்டும் தோன்றிய மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது. பிறப்பிலேயே வந்ததாக இருந்தால் குடும்பத்தினர் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் மகளின் கல்யாணப் பேச்சை நிறுத்திய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று போட்டிருந்தால் அதை வைத்து எந்த மருந்தும் ஆரம்பிக்கக் கூடாது. சில வருடம் கழித்து மறுமதிப்பீடு கேளுங்கள். பின்னால் தீங்கற்றது என்று தெரியவருபவை நிறைய.

இன்னொருவரின் மாத்திரையை ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெயர், அளவு, எத்தனை நாள், எல்லாம். இந்த மாத்திரைகளில் பல நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியவை. அந்த மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் அடுத்த சிகிச்சையைத் தொடங்கினால் ஆபத்து கூடும். தொடக்கத்தில் சொன்ன அந்த மகளும் முதலில் மருத்துவரிடம் இதைச் சொல்லத் தயங்கினார். சொன்ன பிறகுதான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, எந்த நாளில் புதிய மருந்தை ஆரம்பிக்கலாம் என்று மருத்துவரால் முடிவு செய்ய முடிந்தது.