காட்டிக்கொடுத்த பிள்ளையையும் கொஞ்சம் கவனியுங்கள்

பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளையைப் பெற்றோர் ஆலோசனைக்கு அழைத்து வருகிறார்கள். ஒரு செட்டில் சேர்வதற்காக உயிர்த்தோழியைக் காட்டிக்கொடுத்தாளே, அவளை அந்தக் காரணத்துக்காக யாரும் அழைத்து வருவதில்லை. தூக்கமில்லை, காலையில் வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறாள் என்று வருவார்கள். பல தடவை பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

ஜூனில் செக்ஷன் மாறும்போதுதான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. புது வகுப்பில் எல்லோரும் சேர விரும்பும் ஒரு செட் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒருத்தி, "அவகூட ஏன்டி சுத்துற?" என்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், இவளும் அந்தச் சிரிப்பில் சேர வேண்டும், அதற்கு இவளிடம் இருப்பதோ தோழி நம்பிச் சொன்ன ஒரு விஷயம்தான்: அவள் அப்பா குடிப்பது, ஃபீஸ் கட்ட அம்மா நகையை அடகு வைத்தது. சொல்லிவிடுகிறாள். சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகச் சுற்றுகிறது.

இவள் கெட்டவள் என்று முடிவு கட்டுவது சுலபம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், கல்லூரி மாணவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறான விடை சொல்ல, சுமார் 4இல் 3 பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தவறான விடையையே சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கே அப்படி என்றால், தினமும் முகம் பார்க்க வேண்டிய கூட்டத்தின் முன் 13 வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உடனிருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அதனால்தான், சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "அவ வீட்டு விஷயம் நமக்கு எதுக்கு?" என்று அவள் கேட்டாலே பேச்சு பாதி அடங்கிவிடும்.

தயவுசெய்து வகுப்பு முன்னால் நிறுத்தி "சாரி" சொல்ல வைக்காதீர்கள். ரகசியம் இன்னொரு தடவை ஊர்வலம் போகும், அவ்வளவுதான். மன்னிக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவளை வற்புறுத்தவும் வேண்டாம், அது அவள் முடிவு. காட்டிக்கொடுத்தவள் செய்ய வேண்டியது, எந்தக் கூட்டத்தில் சொன்னாளோ அங்கேயே "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, இனி அதைப் பேசாதீங்க" என்று சொல்வது. இது ரொம்பக் கஷ்டம். வீட்டில் அம்மாவோ அக்காவோ எதிரே உட்கார்ந்து, அந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பழக வைக்கலாம்.

இருவரில் யாராவது சாப்பிடாமல் ஒதுங்கினாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாலும்கூட, விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது மனநல உதவி எண் 14416-ஐ உடனே அழையுங்கள்.