பெர்சுவேஷனுக்குத் தமிழில் என்ன சொல்?

போன மாதம் ஒரு கல்லூரியில் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு நடுவராகப் போயிருந்தேன். திரையில் பெரிய எழுத்தில் ‘வற்புறுத்தும் பேச்சுத் திறன்’ என்று போட்டிருந்தது. பெர்சுவேசிவ் ஸ்பீக்கிங், அதாவது காரணம் காட்டிக் கேட்பவரை உடன்பட வைக்கும் பேச்சு, என்பதற்கு யாரோ செய்த தமிழ். இணைய வகுப்புகளின் தமிழ் வரிகளிலும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளிலும் இதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அது என்ன செய்யும் என்பதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். நூலகத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கும்படி முதல்வரிடம் பேச வேண்டும் என்பது பயிற்சி. எழுந்து வந்த மாணவி மேசையைத் தட்டினார், குரலை உயர்த்தினார், “திறந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வகுப்புக்கு வர மாட்டோம்” என்றார். திரையில் எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார். குறை அவர்மேல் இல்லை.

பெர்சுவேஷன் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘பெர்சுவாதேரே’. ‘பெர்’ என்றால் முழுமையாக, ‘சுவாதேரே’ என்றால் அறிவுரை சொல்லுதல். இனிமையானது என்று பொருள்படும் ‘சுவாவிஸ்’ அதே வேரில் வந்தது. ஆங்கில ‘ஸ்வீட்’டும் சமஸ்கிருத ‘ஸ்வாது’வும் அந்தக் குடும்பம்தான். நம் ‘சுவை’யையும் இதோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது, விட்டுவிடுவோம். கிரேக்கர்கள் இதற்குப் ‘பெய்தோ’ என்றார்கள், அதை ஒரு பெண் தெய்வமாகவும் வணங்கினார்கள். பெய்தோவுக்கு எதிராக அவர்கள் நிறுத்திய சொல் ‘பியா’, அதாவது பலவந்தம். ஒருவரைச் சொல்லால் வெல்வது ஒரு வழி, வலிமையால் பணியவைப்பது இன்னொரு வழி. பேச்சுக்கலையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதெல்லாம் முதல் வழியைப் பற்றித்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெய்தோவுக்குப் பியாவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இன்றைய தமிழில் ‘வற்புறுத்து’ எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். வற்புறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். வட்டிக்காரர் வற்புறுத்தியதால் வீட்டை விற்றார்கள். எல்லா இடத்திலும் கேட்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவில் எது சுதந்திரமான சம்மதம் என்று சொல்கிறது. பலவந்தத்தால் வந்த சம்மதம் அதில் சேராது. சட்டம் சுதந்திரமான சம்மதம் என்று ஏற்காத ஒன்றின் பெயரை நாம் வேலைக்குத் தேவையான திறன் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு. குறுந்தொகையின் 66ஆம் பாட்டுக்கு முன்னோர் எழுதிய குறிப்பில், பருவம் கண்டு கலங்கிய தலைவியைத் தோழி ‘இது பருவமன்று’ என்று வற்புறுத்தியதாக இருக்கிறது. தோழி என்ன செய்கிறாள்? கொன்றை பூத்துவிட்டது, கார்காலத்தில் வருவேன் என்ற தலைவன் இன்னும் வரவில்லை, தலைவி உடைந்துபோகிறாள். தோழியோ, கொன்றைதான் மடமரம், காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார்காலம் என்று நினைத்துப் பூத்துவிட்டது என்கிறாள். அதட்டவில்லை, கட்டளையிடவில்லை. கண்ணெதிரே இருக்கிற அதே பூவை வேறு மாதிரி பார்க்கச் சொல்கிறாள். அருமையான பெர்சுவேஷன் இது! அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், மனத்துக்கு வற்பு, அதாவது உறுதி, உறச் செய்தல். அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இன்று யாராவது “என்னை வற்புறுத்தினாள்” என்றால் ஆறுதல் சொன்னாள் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குறிப்பு எழுதியவர் காலத்துப் பொருளை வைத்து இன்றைய மாணவருக்குத் தலைப்பு வைக்க முடியாது.

மற்ற சொற்களும் எனக்கு நிறைவாக இல்லை. ‘தூண்டுதல்’ என்றால் குற்றத்துக்குத் தூண்டுவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘நம்பவைத்தல்’ ஓரளவு கிட்டே வருகிறது, ஆனால் ‘நம்பவைத்துக் கழுத்தறுத்தான்’ என்பதை ஊரே சொல்லும்போது அதைப் பாடத்தலைப்பாக வைப்பது எப்படி? ‘இணங்கவைத்தல்’ பரவாயில்லை. இருந்தாலும் கெஞ்சியும் இணங்கவைக்கலாம், மிரட்டியும் இணங்கவைக்கலாம். காரணம் காட்டிப் பேசியது அந்தச் சொல்லில் தெரியவில்லை. வள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தில் ‘வேட்ப மொழிவதாம் சொல்’ என்கிறார். பகைவரும் விரும்பும்படி பேசுவது என்று பரிமேலழகர் விரிக்கிறார். இதைவிடச் சரியான விளக்கம் எந்த மொழியில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ‘வேட்ப’ என்றதும் இன்றைய வாசகருக்கு வேட்புமனுதான் ஞாபகம் வரும்.

அந்த மாணவியிடம் ஒன்று கேட்டேன்: மேற்படிப்புக்கு வெளியூர் போக அப்பா சம்மதிக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? “அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுவேன் சார்” என்றார். எனக்கு வேண்டிய சொல் அங்கே கிடைத்தது. ‘நீங்க எடுத்துச் சொன்னா அவர் கேப்பார்’ என்று நம் வீடுகளில் தினமும் புழங்குகிற பேச்சு. காரணங்களை எடுத்து வைக்கிறோம், ஏற்பதும் விடுவதும் கேட்பவர் கையில். 1930களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை ஆசிரியர் ஆலன் மன்றோ இத்தகைய பேச்சுக்கு வகுத்த ஐந்து படிகளும் இதைத்தான் செய்கின்றன: கவனத்தை ஈர்த்து, தேவையை உணர்த்தி, தீர்வைச் சொல்லி, அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் காட்டி, கடைசியில் செயலுக்கு அழைப்பது. எந்தப் படியிலும் மேசையைத் தட்டுவது இல்லை.

ஆகவே வாக்கியத்துக்குள் வரும்போது ‘எடுத்துச் சொல்லுதல்’ என்றே எழுதுங்கள். பாடப்பெயராக ஒரே சொல் வேண்டுமென்றால் ‘இசைவித்தல்’ என்பேன். இசைதல் என்றால் மனம் ஒத்து உடன்படுவது. இசைவு என்றால் சம்மதம். பிறரை உடன்படச் செய்வது இசைவித்தல். லத்தீன் வேரில் இருந்த இனிமையும் இந்தச் சொல்லில் காதுக்குக் கேட்கிறது.

அதே திரையில் இன்னொரு வரி, ‘பொதுப் பேச்சு’. பப்ளிக் என்றால் பொது, ஸ்பீக்கிங் என்றால் பேச்சு, முடிந்தது வேலை! மேடைப்பேச்சு, சொற்பொழிவு என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசிய சமூகம் இது. எழுதியவர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால், ‘பொதுப் பேச்சு’ என்பது டீக்கடையில் பொதுவாகப் பேசுகிற பேச்சு மாதிரி ஒலிக்கிறதே என்று உறைத்திருக்கும். அகராதியிலோ மொழிபெயர்ப்புச் செயலியிலோ முதலில் வந்த சொல்லை அப்படியே ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

அந்த வகுப்பை நடத்தியவருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த முறை திரையில் ‘இசைவிக்கும் பேச்சு’ என்றும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘எடுத்துச் சொல்லும் முறை’ என்றும் போடும்படி கேட்டிருக்கிறேன். மேலே இருக்கும் காரணங்களையும் சேர்த்தே அனுப்பினேன்.